எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு நார்வே வலை

திங்கள், காசிமேடு

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்குக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக்கூடாது. அதனால் காசிமேடு துறைமுகத்தில் லாஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தச்சர்கள், வெல்டிங்காரர்கள், பெயின்டர்கள், வலை பொத்துகிறவர்கள் என்று மீன் வராத துறைமுகத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. மற்ற மாதங்களில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் படகின் அடிப்பாகம் இப்போதுதான் கரையேறுகிறது. நான் பார்க்க வந்தது அந்த அடிப்பாகத்தைத்தான்.

நார்வேயின் த்ரோன்ஹைம் நகரில் இருக்கிறேன். சால்மன் பண்ணை வலைகளில் என்னென்ன உயிர்கள் எப்போது ஒட்டுகின்றன, ஒட்டியதை என்ன செய்வது என்று ஆராய்வது வேலை. பயோஃபவுலிங் என்பார்கள். இங்கே ஒட்டுயிர்கள் என்றே எழுதுகிறேன். ஊருக்கு வரும்போது ஒரு பரிசோதனையும் செய்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சால்மன் கூண்டுக்குப் போடும் அதே நைலான் வலையைச் சிறு சட்டங்களில் கட்டி, போன மாதமே எண்ணூர் முகத்துவாரத்தில் இறக்கியிருக்கிறோம். இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தோழியும், முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஒருவரும் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை தூக்குகிறோம். அதுவரை வட சென்னைக் கரையில் எது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று சுற்றிப் பார்க்கப்போகிறேன். தினமும் இரவில் எழுதிவிடுகிறேன்.

கடலில் ஒருமுறைகூட நனையாத புது வலையைத்தான் கொண்டுவந்தேன். பழைய வலையில் அந்த ஊர் உயிர்கள் காய்ந்தும் காயாமலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வேறொரு கடலில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணூர் ஆறே சாட்சி. அதைச் சனிக்கிழமை எழுதுகிறேன்.

இன்று பார்த்தது ஒரு மர லாஞ்சு. அடிப்பாகத்துக்கு ஃபைபர் போர்த்தியிருந்தார்கள். புரொப்பல்லர் பக்கமும் சுக்கான் மடிப்பிலும் கொட்டலசு என்கிற பார்னகிள், அடுக்கு அடுக்காக. இரும்புச் சுரண்டியை ஃபைபரோடு படிய வைத்து ஒரு தள்ளு தள்ளினால் ஓடு தெறிக்கிறது; ஆனால் அடியில் வெள்ளை வளையம் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த வளையம்தான் கொட்டலசின் அடித்தட்டு. அதைப் பிடித்திருக்கும் பசை, நீருக்குள்ளேயே இறுகும் புரதம். சுரண்டிக்கொண்டிருந்த அண்ணன் வளையத்தை எடுக்கக் கிரைண்டரைப் போட்டார். "இத்த வுட்டுட்டு மேல பெயின்ட் அடிச்சா, அடுத்த தபா அதும்மேலயே வந்து குந்தும்" என்றார். அவர் சொல்வது முழுக்கச் சரி. கொட்டலசின் குஞ்சு, தன் இனம் ஏற்கெனவே ஒட்டியிருந்த இடத்தை மோப்பம் பிடித்து வந்துதான் உட்காரும்.

அந்தக் குஞ்சை நுண்ணோக்கியில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தப் பருவத்தில் அது சாப்பிடுவதே இல்லை. இரண்டு உணர்கொம்புகளையும் மாற்றி மாற்றி ஊன்றி நடந்து, இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பிடித்துப்போனால் தலையை ஊன்றிப் பசையைக் கக்கும். அதன்பிறகு ஆயுள் முழுக்க அந்த ஒரே இடம்தான். ஓடு கட்டிக்கொண்டு, தலைகீழாக நின்று, கால்களை வெளியே வீசி உணவைப் பிடிக்கும். பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். சார்லஸ் டார்வின் 1846இலிருந்து 1854 வரை இதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வெளிநாட்டுல இதுக்குமா படிப்பு கீது?" என்று அந்த அண்ணன் கேட்டார். இருக்கிறது என்றேன். ஒட்டியது அதிகமானால் எவ்வளவு டீசல் கூடுதலாகப் போகும் என்று அவர் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்குதான் படிப்பே.

செவ்வாய், மறுபடியும் காசிமேடு

அக்னி நட்சத்திரம். காலை பத்து மணிக்குமேல் படகு மேடையில் நிற்க முடியவில்லை. பெயின்ட் அடிக்கும் இடத்துக்கு விடிந்ததும் போய்விட்டேன்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் செங்கல் நிறப் பெயின்டில் இருப்பது பெரும்பாலும் தாமிர ஆக்சைடு. தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே வரும். உட்கார வரும் குஞ்சு செத்துப்போகும். சால்மன் வலைக்கும் இதே வைத்தியம்தான். வலையைத் தாமிரக் கரைசலில் முக்கிக் காயவைத்துக் கடலில் இறக்குவார்கள். நார்வேயின் மீன் பண்ணைகள் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் தாமிரம் பயன்படுத்திய காலம் உண்டு. அதில் பெரும்பகுதி கடலுக்குள்தான் போகிறது. கூண்டுக்குக் கீழே சேற்றில் படிகிறது.

சால்மன் கூண்டு எப்படி இருக்கும் என்று சொல்லாமல் இதன் கனம் புரியாது. பிளாஸ்டிக் குழாயில் பெரிய வட்டம், சுற்றளவு 160 மீட்டர் வரை. அதிலிருந்து வலை பை மாதிரி கீழே தொங்கும், இருபது முப்பது மீட்டர் ஆழத்துக்கு. ஒரு கூண்டில் 2,00,000 மீன் வரை விடலாம் என்பது நார்வேச் சட்டம். மீன் நாலைந்து கிலோ ஆகும்வரை, ஒரு வருஷத்துக்கு மேல் அதற்குள்ளேயே இருக்கும். இங்கேதான் சிக்கல். காசிமேட்டு வலை கடலுக்குப் போகிறது, வருகிறது, வெயிலில் காய்கிறது. சால்மன் வலை இறங்கினால் இறங்கியதுதான். உள்ளே மீன் இருக்கும்போது இவ்வளவு பெரிய வலையை எடுத்து உதறிப் போட முடியாது.

அப்படியே கிடக்கும் வலையின் கண்கள் அடைபடும். நீரோட்டம் குறையும், மீனுக்கு ஆக்சிஜன் போதாமல் போகும். வலை கனக்கும். அடைபட்ட வலையைத் தண்ணீர் தள்ளும் விசை, சுத்தமான வலையைப்போல மூன்று மடங்குக்கும் மேலாக ஏறியதை அளந்திருக்கிறார்கள். பை ஒருபக்கம் ஒதுங்கிச் சுருங்கி, மீன்களுக்கு இடம் குறையும். இன்னொன்றும் உண்டு. சால்மனின் மேல் ஒட்டும் கடல் பேனைத் தின்பதற்காகக் கூண்டுக்குள் வேறு சிறு மீன்களை விடுவார்கள். வலையில் தீனி கிடைத்தால் அவை பேனை எட்டிப்பார்க்காது. பேன் கூடினால் அரசு கண்டிப்பு, மருந்துச் செலவு. மீன் வளர்ப்பின் மொத்தச் செலவில் 5 முதல் 10 சதவீதம் ஒட்டுயிர்களால் போகிறது என்று 2012இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது.

பெயின்டர் ஒருவர் பழைய ஆட்கள் சொன்னதைச் சொன்னார். "முன்னால ஒரு மருந்து இருந்துச்சாம், ஒண்ணுமே ஒட்டாதாம். இப்ப வர்றதில்ல." அவர் சொல்வது டிரைபியூட்டைல்டின் என்ற தகரக் கலவையாகத்தான் இருக்க வேண்டும். உண்மையிலேயே ஒன்றும் ஒட்டாது. 1970களின் பின்பாதியில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு சரிந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது. படகுகளின் பெயின்டிலிருந்து கரைந்த மிகச் சிறு அளவே போதுமானதாக இருந்தது. சிப்பி ஓடுகள் கோணலாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. கடல் நத்தைகளில் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. சால்மன் வலையிலும் அதைப் பூசினார்கள், மீனின் சதையிலேயே தகரம் சேர்ந்தது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்குத் தடை போட்டது. பிரிட்டனில் 1987இல் மீன் வலைக்கும் தடை வந்தது. உலகம் முழுக்கக் கப்பல்களுக்குத் தடை போடும் உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் சேதம் தெரிந்ததிலிருந்து முப்பது வருஷம்.

"அப்ப இந்த செவப்பு மட்டும் நல்லதா?" என்று கேட்டார் பெயின்டர். அதைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். கைகளில் முழங்கைவரை அந்தச் சிவப்பு. கையுறை கிடையாது. அதைச் சொன்னதற்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் வழியில், அலைதடுப்புக் கற்களுக்கு இந்தப்பக்கம் ஒரு பழைய கட்டுமரம் கிடந்தது. கட்டுமரத்துக்குப் பெயின்ட் கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். மரம் நீர் கோர்த்துக் கனத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. கொட்டலசோ மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவோ அதில் குடியேற நேரமே கிடைத்திருக்காது. ஸ்காட்லாந்திலும் டாஸ்மேனியாவிலும் சில பண்ணைகள் வலையின் ஒரு பகுதியை மாற்றி மாற்றித் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காயவிடும் முறையைக் கையாண்டிருக்கின்றன. அதே வித்தைதான். நம் கரையில் பல நூற்றாண்டு அனுபவம் இருக்கிற வித்தை.

புதன், அத்திப்பட்டு

மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி மார்க்கம். அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, அனல்மின் நிலையத்தின் பக்கம் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே போக அனுமதி கேட்கவில்லை. கொதிகலன் நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் எந்த ஆலைக்கும் ஒட்டுயிர்கள் தீராத தொல்லை. குழாய்க்குள் ஓயாத நீரோட்டம், ஓயாத தீனி, தின்ன வரும் மீனும் இல்லை. மட்டிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்குமா? குளோரின் கலந்து சமாளிக்கிறார்கள். நமக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ச் சுரங்கத்தில் பச்சை ஆழி என்கிற மட்டிகள் அடைத்துக்கொண்டது பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆய்வு நடக்கிறது. வெப்பக்கடல் ஒட்டுயிர்களைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் அந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைக்கும் இதே கவலைதான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவில் கட்டியது. அங்கே மட்டிக்கு முன்பே பாக்டீரியா எதிரி. உப்பை வடிகட்டும் சவ்வின்மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் படிந்தால் போதும், மின்சாரச் செலவு ஏறிவிடும்.

வட சென்னையில் கடலை நம்பியிருக்கும் பெரிய சின்னத் தொழில் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்த உயிர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இதை யாரும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துப் பேசுவதாகத் தெரியவில்லை.

இரவு பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். முட்டை போட்ட சூப்போடு. வேறொன்றும் இல்லை.

வியாழன், முகத்துவாரக்குப்பம்

கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காட்டுப் பக்கத்துக் காயல் நீரும் வந்து சேர்ந்து, எண்ணூரில் கடலைத் தொடுகின்றன. ஒருபக்கம் புகைபோக்கிகள், இன்னொருபக்கம் துறைமுகக் கிரேன்கள், நடுவில் ஃபைபர் படகுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததன் கறை, கரையோரச் சுவர்களில் இன்னும் சில இடங்களில் தெரிகிறது.

படகுக்கார அண்ணன் ஐந்தரைக்கே தயாராக நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். இறக்கும்போது "இதுல என்னா மாட்டப்போவுது?" என்று கேட்டவர், இப்போது என்னைவிட ஆர்வமாக இருந்தார். வாரம் ஒருமுறை பார்த்து வந்ததில் அவருக்கே ஒரு கணிப்பு உருவாகியிருக்கிறது. தொங்கவிட்ட சட்டங்களில் பாதி, எந்நேரமும் தண்ணீரிலேயே கிடந்தவை. மறு பாதியை அவர் வாரத்துக்கு ஒருமுறை தூக்கி, அரைநாள் வெயிலில் காயவைத்து மறுபடியும் இறக்கியிருக்கிறார்.

முதலில் தண்ணீரிலேயே கிடந்த சட்டம். ஒரு கையால் தூக்க வராமல் இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. இறக்கும்போது உள்ளங்கையில் ஏந்திய பொருள் அது. வலைக் கண்ணில் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. வெள்ளையாக இருந்த நைலான் எங்குமே கண்ணில் படவில்லை. மேலே சாம்பல் நிறச் சேறு. அது வெறும் சேறு இல்லை. மணல் பொறுக்கிச் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய மண்குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள். விரலால் விலக்கினால் அடியில் புழுக்களின் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள், வலை நூலைப் பிடித்து வளைந்து வளைந்து. முடிச்சுகளில் கொட்டலசு. சட்டத்தின் கீழ்மூலையில் கொத்தாகக் கறுப்பு மட்டிக் குஞ்சுகள். அரை சென்டிமீட்டர்கூட இல்லை, அதற்குள் நூல் விட்டுக் கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை இழுத்தால் பத்து சேர்ந்து வந்தது. ஓர் இடத்தை அழுத்தினேன், தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்தது, கடற்குடுவை என்கிற பை போன்ற உயிர். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குட்டி நண்டு வெளியே வந்து, எங்களைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கியது.

எல்லாம் ஒரே மாதத்தில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. த்ரோன்ஹைம் பக்கம் இதே நாட்களில் இறக்கிய வலையில், தோழர்கள் அனுப்பிய படத்தின்படி, பழுப்பு நிற வழவழப்பைத் தவிர ஒன்றுமில்லை. அங்கே கடல்நீர் இன்னும் பத்து டிகிரியைத் தொடவில்லை. கோடையின் பிற்பகுதியில்தான் அங்கே வலை நிறம் மாறும். எக்டோப்ளூரா லாரின்க்ஸ் என்ற இளஞ்சிவப்பு ஹைட்ராய்டு, ஜெல்லிமீனுக்குச் சொந்தம், தண்டும் தலையுமாகச் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு வலை முழுக்கப் பூத்து நிற்கும். அழகான உயிர். ஆனால் அதன் தலையில் இருப்பவை கொட்டும் செல்கள். பண்ணைக்காரர்கள் கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சி வலையைக் கழுவுவார்கள், கோடையில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூட. தெறிக்கும் துணுக்குகள் உள்ளே இருக்கும் சால்மனின் செவுளில் போய்ப் படும். செவுள் புண்ணாகும். கழுவியதால் ஹைட்ராய்டும் ஒழிவதில்லை. தலை போனாலும் அடியில் ஒட்டியிருக்கும் வேர் போன்ற பகுதியிலிருந்து மறுபடி தலை முளைக்கும். கழுவுகிற அதிர்ச்சியில் அது குஞ்சுகளை வெளியே விடுவதையும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தாமிரம் பூசிய வலையைக் கழுவினால் பூச்சும் உரிந்து கடலில் போகும். அதனால்தான் பொறுப்பான வளர்ப்புக்குச் சான்றிதழ் தரும் ஏஎஸ்சி தரவிதிகள், தாமிரம் பூசிய வலையைக் கடலில் வைத்தே கழுவக் கூடாது என்கின்றன.

அடுத்து, காயவைத்த சட்டம். வலை கண்ணுக்குத் தெரிந்தது! முடிச்சுகளில் கொட்டலசு அங்கொன்றும் இங்கொன்றுமாக, செத்த ஓடு பாதி. மண்குழாய் அறவே இல்லை. மட்டிக் குஞ்சு தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஓடு மூடிக்கொள்ளும் கொட்டலசு காய்வதைக் கொஞ்சம் தாங்கும், மென்மையான உடம்புக்காரர்கள் தாங்க மாட்டார்கள் என்பது புத்தகத்தில் படித்ததுதான். எண்ணூர் வெயில் அதை இவ்வளவு வேகமாகச் செய்து முடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணன் ஒரே வாக்கியத்தில் முடித்தார். "வலைய காயப்போடணும்னு எங்க ஆயாவே சொல்லும்."

வெள்ளி, தோழியின் ஆய்வகம்

நாள் முழுக்க எண்ணிக்கை. சட்டத்தின்மேல் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே என்ன இருக்கிறது என்று குறிப்போம். அப்புறம் சுரண்டி, நீர் வடித்து, எடை. அப்புறம் இனம் பிரிப்பது. முதுகு வலி. மின்விசிறி போட்டால் தாள் பறக்கிறது, போடாவிட்டால் வியர்வை தட்டில் சொட்டுகிறது.

மாலையில் தோழி ஒரு கட்டுரையின் நகலை எடுத்து வைத்தாள். எம். டி. பால் என்பவர் சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வாழும் உயிர்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் பார்த்து எழுதியது, இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் 1942இல் வந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் ஜப்பான் குண்டு விழும் என்று பாதி ஊர் காலியானது. அதே வருஷம் அச்சேறிய கட்டுரையில், கொட்டலசின் விட்டம் வாரத்துக்கு வாரம் எவ்வளவு வளர்ந்தது என்று ஒரு மனிதர் சலிக்காமல் அளந்து வைத்திருக்கிறார். குளிர்க்கடலில் ஒட்டுயிர்களுக்குப் பருவம் உண்டு. சென்னைக் கடலில் பல இனங்கள் ஆண்டு முழுக்கவே குஞ்சு பொரிக்கின்றன என்பது அவர் கண்டது. நார்வேயில் எங்கள் திட்டம் எல்லாமே பருவத்தை நம்பித்தான். எந்த மாதம் குஞ்சு வரும் என்று தெரிந்தால் அதற்குமுன் வலையை மாற்றலாம், கழுவலாம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. ஓய்வே இல்லாத கடல் இது. எண்பது வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையில் எழுதி வைத்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இன்று கூண்டு மீன் வளர்ப்புக்குத் திட்டம் எழுதுகிறவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும்.

சனி, கொசஸ்தலை ஆறு

ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களோடு இறங்கினேன். முன்பே பேசி, அவர்கள் சம்மதித்து, வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல் ஓர் ஓரமாக. இடுப்பளவு தண்ணீர். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். இறால் சேற்றில் பதுங்கியிருக்கும். கையில் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள்.

கையில் படுவது இப்போது வேறு. காக்கா ஆழி. மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்ற இந்தக் கறுப்பு மட்டி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்களின் அடியில் ஒட்டியோ, எடைக்காகக் கப்பலில் கடல்நீர் நிரப்பும் பாரநீர்த் தொட்டிகளில் குஞ்சாகவோதான் இது கடல் தாண்டுகிறது. கடந்த பத்து பதினைந்து ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று பரவி, கேரளக் காயல்களிலும் 2019இல் பதிவானது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்கிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றின் தரையையே மூடிவிட்டது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிருக்கிறது.

குனிந்து ஒரு கை அள்ளினேன். தனித்தனி மட்டியாக வரவில்லை. ஒன்றோடொன்று நூலால் பிணைத்த கம்பளம் கிழிந்து வந்தது. அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேறு அது, அதில் இறால் எப்படிப் பதுங்கும்? ஓட்டின் விளிம்பு கூர்மை. கூட இருந்த அக்கா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பழைய வெட்டு, புது வெட்டு, நடுவில் ஆறிக்கொண்டிருப்பது. "எறாவும் போச்சு, மஞ்ச மட்டியும் போச்சு. பச்ச ஆழி எங்கியோ ஒண்ணு ரெண்டு. இத்த வாத்துக்குத் தீனியாப் போடலாம்னு வந்து எடுத்தாங்க, அதுவும் எவ்ளோ எடுக்க முடியும்?" கோபமாகத்தான் சொன்னார். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

என் துறையில் ஒட்டுயிர் என்றால் வலைக்கு நஷ்டம், மீனுக்கு நோய், கம்பெனிக்குச் செலவு. கப்பல்காரருக்கு எரிபொருள். ஒரு பெண்ணின் உள்ளங்கையில் விழும் வெட்டு எந்தச் செலவுப் பட்டியலிலும் இல்லை. வியாழக்கிழமை எங்கள் வலையின் மூலையில் கொத்தாக இருந்த கறுப்புக் குஞ்சுகள் இவைதான் என்று நேற்று இனம் பிரித்ததில் உறுதியானது. இங்கே ஒரு கூண்டைப் போட்டால் அதன் வலை, காக்கா ஆழிக்கு இன்னொரு நாற்றங்காலாகும். கழுவித் தள்ளினால் அத்தனையும் ஆற்றின் தரைக்குப் போகும். தாமிரம் பூசினால், இவர்கள் கை வைக்கும் சேற்றில் தாமிரம் படியும்.

ஞாயிறு, முகத்துவாரக்குப்பம்

கோயில் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசினோம். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடல் கூண்டுகளுக்கு மானியம் உண்டு. கொடுவா, கடல் விரால் வளர்க்கலாம் என்று இளைஞர்கள் சிலருக்கு ஆர்வம். நார்வேயில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார்கள்.

நார்வே மாதிரி செய்யாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். முகத்துவாரத்துக்குள்ளும் காயலிலும் கூண்டு வேண்டவே வேண்டாம்; வெளிக்கடலில், நீரோட்டம் உள்ள இடத்தில் போட்டால் பேசலாம். தாமிரம் வேண்டாம். தண்ணீரிலேயே கழுவ வேண்டாம். நம் நாட்டில் போடும் கூண்டுகள் பெரும்பாலும் ஆறு மீட்டர் விட்டம்தான். இந்தச் சின்ன அளவை ஒரு குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிய வசதியாகப் படுகிறது. ஆறு மீட்டர் கூண்டின் வலையை நாலு பேர் சேர்ந்து மாற்றலாம். அழுக்கு வலையைக் கரைக்குக் கொண்டுவந்து இந்த வெயிலில் காயப்போடலாம். உதிர்ந்ததைக் கரையிலேயே அப்புறப்படுத்தலாம். 160 மீட்டர் சுற்றளவுக் கூண்டு வைத்திருக்கும் நார்வேக்காரரால் இது முடியாது. முக்கியமாக, கூண்டு போட நினைக்கும் இடத்தில் முதலில் ஒரு வருஷம் வெறும் வலைத்துண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள் என்றேன். மழைக்காலமும் அதில் வர வேண்டும்.

ஒரு பெரியவர் எழுந்தார். "எல்லாரும் வந்து அளந்துட்டுப் போறாங்க. எண்ணெய் வந்தப்பவும் அளந்தாங்க. அளந்தது என்னா ஆச்சுன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல." திண்ணை அமைதியாகிவிட்டது. எங்கள் சட்டங்களின் எடையும் இனக் கணக்கும் முதலில் இந்தத் திண்ணையில் தமிழில் வாசிக்கப்படும், அப்புறம்தான் ஆய்விதழுக்குப் போகும் என்று சொன்னேன். இப்போது எழுத்திலும் சொல்லிவிட்டேன்.

சட்டங்களைச் சுத்தம் செய்து சாயங்காலம் மறுபடி இறக்கினோம். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து உப்பு குறையும்போது என்ன சாகிறது, என்ன பிழைக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதால் மார்கழி முடியும்வரை அவை கிடக்கும். படகுக்கார அண்ணனுக்கு மாதக் கூலி பேசியாயிற்று. தோழி ஒரு நீள நோட்டு வாங்கி வந்து கோடு போட்டாள்: தேதி, நீர்வரத்து, உப்பு, எடை. அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு கோடு போடச் சொன்னார். அன்றைக்கு ஆற்றில் இறால் பட்டதா இல்லையா என்பதற்கு. போட்டுவிட்டோம். இன்றைய தேதிக்கு நேரே அவரே எழுதினார்: இல்லை.